மெர்ல் எடுத்துப்போன பிடி

மெர்லைக் கடைசியாக உயிரோடு பார்த்த அன்று ஆல்வின் அவளோடு பேசவில்லை.

வாலரூ ஊர்த் துப்பாக்கிக் கிளப்பின் வாசலில் காரை நிறுத்தி, கதவைத் திறந்துபோட்டு, உள்ளே உட்கார்ந்து எதையோ உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். மடியெல்லாம் மரத்தூள். சாயங்கால வெயிலில் அது பொன்னாக மிதந்தது.

அவள் கையில் இருந்தது அவன் வாங்கவிருந்த துப்பாக்கியின் பிடி.

"என்னப்பா, கண்ணு தெரியலையா?" என்றாள்.

தெரியாத மாதிரியே போய்விட்டான்.

மனைவி லொவீனா போனதிலிருந்து ஆல்வின் தலைக்குள் அலைவரிசை தவறிய வானொலி மாதிரி ஓயாத இரைச்சல். யாரோ சொல்லித்தான் கிளப்புக்கு வந்தான். கையை நீட்டி, மூச்சைப் பாதியில் நிறுத்தி, விசையை மெல்ல அழுத்தும் அந்தக் கணத்தில் மட்டும் இரைச்சல் நின்றது. எதிரே உப்பு ஏரி, எல்லைக் கொடி, இலக்கு அட்டையின் கறுப்பு வட்டம் எல்லாமே தண்ணீருக்கடியில் கிடப்பது போல அசையாமல் இருக்கும்.

ஆனால் குண்டு மட்டும் வட்டத்துக்குப் போகாது.

"ஆல்வின், அந்த வேலிக்கம்பம் உனக்கு என்ன பாவம் பண்ணிச்சு?" என்பான் செயலாளர் கிளின்.

கோதுமை அறுக்கும் இயந்திரம் ஆல்வினுடைய வலது கை மோதிர விரலை அடியோடு வாங்கிக்கொண்டது வாலிபத்தில். அதை அவனே மறந்து போயிருந்தான். குறையெல்லாம் கிளப்பின் பழைய துப்பாக்கியில்தான் என்று நம்பினான். சொந்தமாக ஒன்று வாங்குவது, அதிலும் சரிப்படாவிட்டால் வருவதையே விட்டுவிடுவது என்று தீர்மானித்துவிட்டான். விட்டால் வீடும் இரைச்சலும்தான்.

ரெஜ்ஜின் துப்பாக்கிக் கடையில் மூன்று எடுத்துக் காட்டினார்கள். மூன்றும் சின்னத் தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கி ரகம். ஒன்று எடையே இல்லை, கை ஆடியது. இன்னொன்று விலை உயர்ந்த தோட்டாவைத் தவிர மற்றதை எல்லாம் தொண்டையில் சிக்கவைத்துக்கொள்ளுமாம். மூன்றாவது இத்தாலியில் செய்தது, யாரோ வைத்திருந்து விற்றது. நீண்ட குழல், விரல்களுக்குப் பள்ளம் வெட்டிய வால்நட் மரப் பிடி. தூக்கியதும் முன்பாரத்தில் தானாக நின்றது. கடைக்குள்ளேயே இரைச்சல் அடங்கியது.

"இதுதான்" என்றான்.

தோட்டா வாங்க வந்திருந்த மெர்ல் பின்னாலிருந்து சிரித்தாள். கிளப்பில் அவளை ஜெயித்தவர் கிடையாது.

"துப்பாக்கி வாங்கறியா, பொண்ணு பாக்கறியா? மூக்கையே பாத்துட்டு நிக்கறே. பிடியைப் பாரு."

"நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. எவன் கைக்கோ."

பொறாமை என்று நினைத்துக்கொண்டான்.

போலீஸ் அனுமதி வரும்வரை துப்பாக்கி கடையிலேயே இருக்க வேண்டும். அந்தச் சனிக்கிழமை வழக்கம்போல மெர்ல் கிளப் அடுப்பில் பாஸ்டி சுட வந்தாள். உருளைக்கிழங்கும் இறைச்சியும் வைத்து மடிக்க மாவு பிசைந்துகொண்டிருந்தவள், "ஆல்வின், இதைக் கொஞ்சம் பிடி. கண்ணாடியைக் காணோம்" என்று ஓர் உருண்டையை அவன் வலது கையில் திணித்தாள்.

"கெட்டியாப் பிடி. கீழே போட்டா இன்னைக்கு உனக்குப் பாஸ்டி கிடையாது."

கண்ணாடி அவள் தலைமேலேயே இருந்தது. மாவைப் பதமாக வாங்கி ஒரு தகர டப்பாவில் வைத்து மூடினாள். வயசாகிவிட்டது, பாவம் என்று நினைத்தான்.

அனுமதி வந்து கடைக்கு ஓடினால், துப்பாக்கி தோலுரித்த ஆடு மாதிரிக் கிடந்தது. பிடி இல்லை.

"மெர்ல் கேட்டாங்க. கழட்டிக் கொடுத்துட்டேன்" என்றான் ரெஜ்.

"என்னோடதையா?"

"ஏன்னு அவங்ககிட்டயே கேளேன்." உதட்டோரம் ஒரு சிரிப்பு வேறு.

அவளைக் கேட்கவில்லை. கிளப் முழுக்கச் சொன்னான்.

"புதுசா வந்தவனுக்கு நல்லது அமைஞ்சா ஆகாது அவளுக்கு. பயம்!"

"உன்னைப் பாத்தா?" என்றான் கிளின். "வேலிக்கம்பத்துக்குத்தான்டா பயம் வரணும்."

ஆனாலும் சிலர் தலையாட்டினார்கள். மெர்லின் மேஜைக்கு வந்து தேநீர் குடிப்பவர்கள் குறைந்தார்கள். அதற்கடுத்த சனிக்கிழமைதான் அவன் அவளைக் காரில் பார்த்தது.

அந்த வாரமே தூக்கத்தில் அவள் இதயம் நின்றுவிட்டது. சர்ச்சில் ஆல்வின் கடைசி வரிசையில் நின்றான். எல்லாருக்கும் பாஸ்டி கொடுத்தார்கள். அவன் எடுக்கவில்லை.

சில நாள் கழித்து அவள் கணவன் வெஸ் அவன் வீட்டுக் கதவைத் தட்டினான். கையில் அந்தத் தகர டப்பா.

"அவ மேஜையில இருந்துது. உன்னோடதாத்தான் இருக்கணும். நான் பிடிச்சுப் பாத்தேன், எனக்குச் சேரலை. யாருக்கும் சேராது."

டப்பாவுக்குள் கல்லாக இறுகிப்போன மாவு உருண்டை. அதில் ஒரு விரல் குறைந்த கையின் அச்சு. அதன் பக்கத்தில் பிடி.

ஆல்வின் எடுத்துப் பிடித்தான். உள்ளங்கைக்குள் போய் உட்கார்ந்தது. துப்பாக்கி இல்லாமலே இரைச்சல் நின்றது.

மோதிர விரலுக்கான பள்ளத்தில் மரத்துண்டு வைத்து அடைத்து, மேடு பள்ளம் தெரியாமல் தேய்த்திருந்தாள்.

சுண்டு விரல் படும் ஓரம் மட்டும் இன்னும் சொரசொரப்பாக இருந்தது.