வழுக்கத் தெரியாத கிளட்ச்

ஒரு பிக்கப் வண்டியில் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, இருமடங்கு வலிமையுள்ள புதியதைப் பொருத்தினார்கள். அன்று முதல் மேடு ஏறும்போதெல்லாம் கிளட்ச் வழுக்கியது. கருகிய நாற்றம் எழுந்தது.

"நான் கொடுக்கும் விசையில் பாதியை நீ வழியிலேயே சிந்திவிடுகிறாய்," என்று எஞ்சின் சீறியது.

"எனக்குப் பின்னால் நிற்கும் கியர்பாக்ஸுக்காகத்தான் சிந்துகிறேன். அவர் பற்கள் பழைய எஞ்சினின் அளவுக்குச் செய்யப்பட்டவை," என்றது கிளட்ச்.

கியர்பாக்ஸுக்குச் சுருக்கென்றது. "என் பற்களைச் சோதிக்க உன்னை யார் அழைத்தார்கள்? தேய்ந்துபோனவன் நீ! எஞ்சின் அண்ணே, வழுக்கவே வழுக்காத முரட்டுக் கிளட்சாகப் பார்த்து வரவழையுங்கள். எவ்வளவு விசை வந்தாலும் நான் தாங்குவேன்."

அவ்வாறே செம்புப் பூச்சுள்ள புதிய கிளட்ச் வந்து சேர்ந்தது.

மறுநாள் வண்டி நிறைய ஜல்லி ஏற்றி மலைப்பாதையில் சென்றார்கள். செங்குத்தான வளைவொன்றில் முன்னே பேருந்து நின்றதால் வண்டியும் நின்றது. மீண்டும் கிளம்புகையில் எஞ்சின் உறுமியது. புதிய கிளட்ச் ஒரே பிடியாகப் பிடித்தது. தன் முதல் கியரின் பல்லடியில் விரிசல் ஓடுவதைக் கியர்பாக்ஸ் உணர்ந்தது.

"தம்பி, கொஞ்சம் வழுக்கிக் கொடு! ஒரு நொடி போதும்!"

"வழுக்காதவன் வேண்டுமென்று கேட்டவர் நீங்கள்தானே, ஐயா?" என்றது புதிய கிளட்ச், பிடியைத் தளர்த்தாமல்.

பற்கள் வரிசையாக முறிந்தன. வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கியது.

எஞ்சின் முன்னிலும் வேகமாகச் சுழன்றது. "அடடா, இப்போதுதான் எனக்குச் சுமையே தெரியவில்லை!" என்றது.