நேராகிப்போன பாதை

சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு ஓடிவந்த அசோக், டிபன் கடை வாசலில் நின்ற வெங்கடாசலத்தின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக இருப்பவர் காலில் விழுவது மார்கழி மாதத்தில் சகஜம்தான். ஆனால் இவன் எழுந்திருக்கவே இல்லை.

“ஏனுங்க சாமி, பாதையை இப்படிக் கெடுத்துப்புட்டீங்களே!”

அசோக் கோயமுத்தூர்க்காரன். மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டும் கிறுக்குக் கூட்டம் ஒன்றுக்குத் தலைவன். போன வருஷம் கொல்லிமலைக்கு வந்து, தேவனூர் நாட்டுப் பகுதியில் வழி தவறி, மேலே பஸ் நிறுத்தத்திலிருந்து இந்தக் கடைவரை இறங்கும் ஒற்றையடிப் பாதையில் உருண்டு வந்து சேர்ந்தான். முட்டியெல்லாம் ரத்தம், முகமெல்லாம் பல்.

“யாருங்க இந்தப் பாதையைப் போட்டது?” என்றுதான் முதலில் கேட்டான். தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

“எங்க ஊட்டுக்காரருதானுங்க. ரோடு இன்ஸ்பெக்டரா இருக்காருங்க,” என்றாள் கடைக்காரி சுகுணா, தோசையைத் திருப்பிக்கொண்டே.

போதாதா? நாமக்கல்லிலிருந்து மாற்றலாகி வந்து, மலையிலேயே தங்கிவிட்ட வெங்கடாசலத்தை அன்றைக்கே மேதை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் கூட்டம். ஈ ஓட்டிக்கொண்டிருந்த சுகுணாவுக்கு இட்லி அவித்து மாளவில்லை. வாயில் இட்லி இருந்தாலும் அவர்கள் பேச்சு பாதையைப் பற்றித்தான்.

“பலாமரத்தை முழுசா ஒரு சுத்து சுத்திட்டு, வந்த பக்கமே திரும்புது பாருங்க சார்! அதுக்குன்னே முன்னால அகல டயர் மாத்துனேன். காத்தைப் பாதியாக் கொறைச்சாத்தான் மண்ணைப் புடிக்குது. அப்புறம் மொளகுத் தோட்டத்துல திடுதிப்புனு ஒரு பள்ளம்! பெரிய டிஸ்க் பிரேக் இல்லீன்னா பல்லு போயிரும். ஒவ்வொரு வளைவையும் எத்தனை யோசிச்சுப் போட்டிருக்கீங்க!”

“அப்படீங்களா?” என்பார் வெங்கடாசலம். யோசித்ததாக அவருக்கு ஞாபகமே இல்லை. வருஷக்கணக்காக, சாயங்காலமானால் அந்த வழியாகக் கடையோடு சேர்ந்த வீட்டுக்கு நடந்து வருகிறார், அவ்வளவுதான். பெரிய மனிதர்கள் இப்படித்தான் அடக்கமாக இருப்பார்கள் என்று அவர்கள் மேலும் இரண்டு இட்லி வாங்கிச் சாப்பிட்டார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு யாரும் வரவில்லை. இப்போது வந்து பார்த்தால் வளைவுகளையெல்லாம் புல் மூடிக் கிடக்கிறது. அதற்குப் பதிலாக, ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்ததுபோல் ஒரு புதுப் பாதை மேலிருந்து கடைக்கு நேராக இறங்குகிறது.

“பங்குனியில இங்கதான் போட்டின்னு ஊரெல்லாம் சொல்லியாச்சுங்க. இந்த ரோட்டுல எங்கம்மாவே சைக்கிள்ல எறங்கிருவாங்க சாமி!”

சுகுணா தோசைக் கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்தாள். போட்டிக்கு வருகிற அத்தனை பேருக்கும் சாப்பாடு அவள் கடையில்தான். அதை நம்பித்தான் புதுக் கிரைண்டர் வாங்கி, கடைக்கு முன்னால் கொட்டகையும் போட்டிருந்தாள். பாதை போனால் பழையபடி ஈ ஓட்ட வேண்டியதுதான்.

வெங்கடாசலம் சளைக்கவில்லை. டேப், சுண்ணாம்புப் பொடி, மண்வெட்டி சகிதம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். சாயங்காலத்துக்குள் கச்சிதமாக நாலைந்து வளைவுகள் தயாராகிவிட்டன. ஓரத்தில் கல் நட்டு வெள்ளைகூட அடித்திருந்தார்.

ஓட்டிப் பார்த்த அசோக் அழாத குறையாகத் திரும்பி வந்தான்.

“இதெல்லாம் கவர்மென்ட் வளைவுங்க. எங்க திரும்பும்னு முன்னாடியே தெரிஞ்சுபோகுது. பழசுல அடுத்து எங்க போகும்னு அந்த ஆண்டவனுக்கே தெரியாதுங்களே!”

“அதை எப்படிப் போட்டேன்னு எனக்கே தெரீலீங்களே சாமி,” என்றார் வெங்கடாசலம்.

“மாசி கடைசியில வந்து பாக்கறனுங்க. பழைய வளைவு வந்திருந்தா போட்டி இங்க. இல்லீன்னா வேற மலைக்கு மாத்திக்கறோம். கோவிச்சுக்காதீங்க.”

அசோக் சைக்கிளைத் தூக்கி ஜீப்பில் போட்டுக்கொண்டு போய்விட்டான். வெங்கடாசலம் குளித்து, திருநீறு பூசி, சரணம் சொல்ல உட்கார்ந்தார். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டதிலிருந்து ஆள் இப்படித்தான், விளக்கு வைக்கும் முன்பே வீட்டில் இருக்கிறார்.

இந்த மாலை இவர் கழுத்தை விட்டு இறங்கவே கூடாது என்று தினமும் வேண்டிக்கொள்கிறவள் சுகுணா. இன்றைக்கும் ஐயப்பன் படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். ஆளில்லாத புதுக் கொட்டகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். “மன்னிச்சுக்கோ அப்பனே” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, புருஷன் பக்கம் திரும்பினாள்.

“ஏனுங்க, தை பொறந்து மாலையைக் கழட்டுனதும், பழையபடி மேல கடையில குவார்ட்டர் அடிச்சுட்டே ஊட்டுக்கு வாங்க!”