பூசைக்கு ஒரு பெயர்

1988 டிசம்பரில் தாம்பரம் மாதா கோயிலுக்குப் புதிதாக வந்த எட்மண்ட் சாமியாரிடம், ஹில்டா டீச்சர் பூசை வைக்கச் சொல்லி வந்தாள்.

"யாருக்கும்மா?"

"எழுபத்தொண்ணு சண்டையில என் வீட்டுக்காரர் செத்தப்போ, எனக்கு லெட்டர் போட்ட கேப்டனுக்கு, ஃபாதர்."

"கேப்டனுக்கா?"

"என் பேரைச் சொல்லிக்கிட்டே நிம்மதியாப் போனார்னு எழுதியிருந்தார். தொண்டையில குண்டு பட்டதுன்னு கூட இருந்தவங்க அப்புறம் சொன்னாங்க. அவர் எப்படிப் பேசியிருப்பார்? எனக்காகச் சொன்ன பொய். அந்தப் பாவம் அவரைச் சேரக்கூடாது."

"அவர் பேரு?"

"கையெழுத்து புரியலை, பாருங்க" என்று பழைய கடிதத்தை நீட்டினாள்.

சாமியார் வெகுநேரம் பார்த்தார். பிறகு பூசை நோட்டில் 'எட்மண்ட்' என்று எழுதினார்.

"அது உங்க பேராச்சே, ஃபாதர்?"

"ஆமாம்மா. இதை எழுதினப்போ நான் சாமியார் ஆகலை."