பசுவந்தனை மெஷின்

"மேடம், அந்தப் பசுவந்தனை அமுதவள்ளி உங்க மெஷின்ல சினிமாப் படமா ஏத்தி வச்சிருக்கா. பொறவு ஏன் டிஸ்க் ரொம்பாது?"

கழுகுமலை மெஷினைப் பார்த்துக்கொள்ளும் மணிராஜ் போனில் இப்படிச் சொன்னதும் யோகலட்சுமிக்குச் சுர்ரென்று ஏறியது.

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காடுகளில் மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவிகளை நட்டிருந்தார்கள். ராப்பகலாக வந்து குவியும் டேட்டாவை ஒரே இடத்தில் வைத்துக் கட்டி மாளாது. அதனால் டேட்டாவைச் சேர்த்து வைக்க ஊருக்கு ஒரு கம்ப்யூட்டர் மெஷின், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். ஒவ்வொரு மெஷினும் இன்னோர் ஊர் டேட்டாவின் காப்பியையும் ஒரு மாதம் வைத்திருந்து அழித்துவிட வேண்டும். அடுத்த மாதம் காப்பி வேறு ஊருக்குப் போகும். இத்தனை மெஷினையும் கோவில்பட்டியில் உட்கார்ந்து கட்டி மேய்ப்பவள் யோகலட்சுமி.

நாளைக்குக் கணக்கு ஓட வேண்டும். எந்த ஊரில் எப்போது உளுந்து விதைக்கலாம் என்று சொல்லும் கணக்கு. போன வருஷம் நாள் தப்பி விதைத்துப் பயிரைக் கருகக் கொடுத்த சம்சாரிகள் இதைத்தான் நம்பியிருக்கிறார்கள். எந்த ஊர் டேட்டா இல்லையோ, அந்த ஊருக்குப் பதில் கிடையாது. கழுகுமலை டேட்டா வேறு இன்னும் வந்தபாடில்லை. கேட்டால், "இங்கன நெட்டு சரியில்ல மேடம், நாளைக்கு வந்துரும்" என்பார் மணிராஜ்.

அந்த எரிச்சலையும் சேர்த்துச் சுமந்துகொண்டு பசுவந்தனையில் போய் இறங்கினாள்.

"வாங்கக்கா, வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிங்க." மெஷின் இருந்த ஜெராக்ஸ் கடைக்குள்ளிருந்து சொம்போடு வந்தாள் அமுதவள்ளி.

"தண்ணி இருக்கட்டும். பழைய காப்பியை அழிக்கச் சொன்னேனே, அழிச்சியா?"

"இல்லக்கா."

"சினிமாவுக்கு மட்டும் எடம் இருக்கோ? தள்ளு. மெஷினைக் கழட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

அமுதவள்ளியின் முகம் செத்துப்போனது. ஆடு மேய்க்கிற வீட்டுப் பெண். இந்த மெஷின் வந்த பிறகுதான் ஊரில் அவளை நாலு பேர் மதிக்கிறார்கள்.

யோகலட்சுமி டிஸ்க்கைத் திறந்து பார்த்தாள். சினிமா ஒன்றுகூட இல்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது முழுக்கக் கழுகுமலை டேட்டா.

"போன மாசமே அழிக்க வேண்டியதை எதுக்கு வச்சிருக்கே?"

"அழிக்கத்தான் போனேன்க்கா. ஸ்கிரீன்ல கழுகுமலை மெஷின் லைன்ல வராம செவப்பாவே கெடந்துச்சு, மனசு வரல. எங்க ஆட்டுக் கெடையில அடுத்தவிய ஆடு வந்து கலந்துட்டா வெரட்ட மாட்டோம். அவிய வந்து ஓட்டிட்டுப் போற வரைக்கும் எங்க ஆட்டோடயே மேயும். இதையும் அப்படித்தான் வச்சிருக்கேன். உங்ககிட்ட சொல்லாதது தப்புதான்."

யோகலட்சுமிக்கு ஏதோ பொறி தட்டியது. நெட் கோளாறு இத்தனை நாளா நீடிக்கும்? மணிராஜுக்குப் போன் போட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. போனது நெட்டா, மெஷினா?"

"இடி விழுந்து கருகிப்போச்சு மேடம். டிஸ்க்கும் போச்சு. சொன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவீங்களோன்னு..."

போனை வைத்துவிட்டு டிஸ்க்கை மறுபடி பார்த்தாள். மெஷின் கருகியதால் இந்த மாதக் காப்பி வேறு எந்த ஊருக்கும் போயிருக்காது. கழுகுமலை டேட்டா என்று உலகத்தில் மிஞ்சியிருப்பது இந்தக் கடையில் இருப்பது மட்டும்தான். தான் சொன்னபடி இந்தப் பெண் கேட்டிருந்தால்?

வேண்டாமென்ற சொம்பை எடுத்து மடமடவென்று குடித்தாள். டேட்டாவைக் கோவில்பட்டிக்கு அனுப்பத் தொடங்கினாள். நல்லவேளை, நாளைக்குக் கழுகுமலைக்கும் பதில் உண்டு.

"உன்மேல சினிமாப் புகார் சொன்னது யாருன்னு தெரியுமா அமுதா?"

"மணிராஜ் அண்ணாச்சிதானே? எங்களுக்குச் சொந்தக்காரவிய. நெலத் தகராறுல பேச்சுவார்த்தை இல்ல. எங்க போனாலும் என்னைப் பத்தி ஏதாவது சொல்லிட்டுத்தான் அலையுதாவ."

"தெரிஞ்சுமா அவரு டேட்டாவைக் காப்பாத்தி வச்சிருந்தே?"

அமுதவள்ளி சிரித்தாள்.

"சண்டை ஆட்டுக்காரரோடதானக்கா. ஆட்டை எதுக்குப் பட்டினி போடணும்?"