குடுவையில் சுழன்றது

இது என் அறைத்தோழி சொல்லிக் கேட்டது. சண்டை நடந்தபோது அதே ஆய்வுக்கூடத்தில் பக்கத்து மேசையில் இருந்தாளாம்.

“என் காந்தத்த யாரு எடுத்தது?”

கத்தியவளுக்கு அங்கே கடுகு என்று பட்டப்பெயர். உருவம் அப்படி, குரல் அப்படி இல்லை.

இரண்டு மூலக்கூறுகளை இணைக்க மற்றவர்கள் எல்லாரும் விஷ வாடை வீசும் கரைப்பானையும் பல்லேடியம் என்ற விலை உயர்ந்த உலோகத்தையும் நம்பியிருக்க, வெறும் தண்ணீரில் நானோ செம்புத் தூளைப் போட்டே இணைத்துக் காட்டியிருந்தாள் கடுகு. வெள்ளிக்கிழமை கட்டுரை இதழுக்குப் போக வேண்டும். அது அச்சில் வந்தால்தான் டாக்டர் பட்டம்.

அன்றைக்குப் பார்த்து வினை நடக்கவே இல்லை. குடுவைக்குள் கலக்கிக்கொண்டிருந்தது அவளுடைய பழைய காந்தத் துண்டு இல்லை. பளபளவென்று புதுசு.

“நான்தான் மாத்தினேன்” என்றாள் பெரியக்கா. அங்கே எல்லாருக்கும் மூத்த ஆய்வாளர். குடுவை கழுவுவதை நிறுத்தவில்லை.

“என்னைக் கேக்காமலா?”

“கேட்டா விடுவியா?”

“நல்லா போய்ட்டிருந்தது உங்களுக்குப் பொறுக்கலையாக்கா?”

பெரியக்கா இன்னொரு குடுவையைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே அந்தப் பழைய காந்தம், சாம்பல் பூத்துச் சுழன்றுகொண்டிருந்தது.

“இதுல செம்பே போடல. காலையிலேர்ந்து ஓடுது. புள்ளி வெச்சுப் பாரு.”

கடுகு ஒரு சொட்டெடுத்துத் தகட்டில் வைத்துச் சோதித்தாள். புறஊதா விளக்கடியில் விளைபொருளின் புள்ளி கன்னங்கரேலென்று தெரிந்தது.

கோபம்கூட ஒரு நிமிஷம் மறந்துபோனது. “செம்பு இல்லாம எப்படிக்கா?”

“காந்தத்து மேல இருக்கற பிளாஸ்டிக் தோல்ல எந்தக் காலத்துப் பல்லேடியமோ ஏறிக் கெடக்கு. எவ்வளவு கழுவினாலும் போகல. வேலை பாத்ததெல்லாம் அதுதான். உன் செம்பு சும்மா வேடிக்கை பாத்திருக்கு.”

கடுகு பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“இந்தக் காந்தத்த எனக்குக் கொடுத்ததே நீங்கதானே?”

“ஆமா. என் கட்டுரைக்கும் இதுலதான் வேலை பாத்தேன்.”

“ஓ! அது அச்சுல வந்து, அத வெச்சு உங்களுக்கு வேலையும் கெடச்சாச்சு. என்னது மட்டும் குப்பைக்குப் போகணும். ரொம்ப நல்லாருக்குக்கா உங்க நியாயம்!”

பெரியக்கா குழாயை மூடிவிட்டு வெளியே போய்விட்டாள்.

கடுகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆய்வு வழிகாட்டி சாரிடம் போய், கட்டுரையை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அன்றோடு பெரியக்காவிடம் பேச்சையும் விட்டுவிட்டாள்.

கேட்டதும் எனக்கும் பெரியக்கா மேல்தான் ஆத்திரம் வந்தது. அப்படி என்னதான் எழுதியிருக்கிறாள் என்று இதழின் இணையப் பக்கத்தில் தேடினேன்.

கட்டுரைக்கு மேலே சிவப்பில் ஒரு வரி: ‘எழுதியவரே கேட்டுக்கொண்டதால் திரும்பப் பெறப்படுகிறது.’

அவள் கேட்டுக்கொண்ட தேதியும் இருந்தது. சண்டைக்கு முந்தைய வாரம்.