செருப்போடு வாசித்தவள்

"ஹில்லெவி, செருப்பைக் கழட்டு."

ஹெல்கே மூன்றாவது தடவையாகச் சொன்னார்.

"கழட்டினா எனக்கு வாசிக்க வராது, ஹெல்கே."

வெளியே ஏரி உறைந்து கிடந்தது. பனி சத்தமே இல்லாமல் விழுந்துகொண்டிருந்தது. இந்த அமைதிக்காகத்தான் 'ரேவ்பேல்ஸ்' இசைக்குழு தங்கள் முதல் ஆல்பத்தை ஹெல்கேயின் மர வீட்டில் பதிவு செய்ய வந்திருந்தது. பிப்ரவரியில் அந்த ஹெல்சிங்லாந்து வட்டாரம் முழுவதுமே பஞ்சுக்குள் வைத்த மாதிரிதான் இருக்கும்.

ஒலிப்பதிவு செய்கிறவர் ஹெல்கே. மைக்குகளுக்கு அடுத்தபடியாக அவர் உயிரை வைத்திருப்பது கூடத்தின் பைன் பலகைத் தரை மேல். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வெண்ணெய் நிறத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார். மந்திரியே வந்தாலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுறையோடுதான் நிற்க வேண்டும்.

இந்த ஹில்லெவி என்னடாவென்றால் மரக்கட்டைச் செருப்போடு நடுக்கூடத்தில் நின்று பிடில் வாசிக்கிறாள். வாசிப்பதோடு விட்டாளா? தாளத்துக்குத் தாளம் டொக், டொக்கென்று மிதி வேறு.

"அம்மா தாயே, எட்டுப் பாட்டுலயும் டிரம்ஸ் சத்தத்துல உன் மிதி அமுங்கிப் போச்சு. இந்தக் கடைசிப் பாட்டு நீயும் யெர்கரும் மட்டும் வாசிக்கிறது. தாலாட்டு மாதிரி இருக்கணும். நடுவுல குதிரை ஓடினா எவன் தூங்குவான்?"

"குதிரைகூட லாயத்துக்குள்ள சும்மா நிக்கும்!" என்றான் யெர்கர், ஹெல்கேயின் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி. அவன் கழுத்தில் சாவிப் பிடில் தொங்கியது. ஒரு கை வில்லை இழுக்க, இன்னொரு கை சாவிகளை அழுத்தும் கருவி. இந்தக் கடைசி மெட்டு அவன் போட்டது.

டிரம்ஸ் அடிக்கும் சிக்னேவும் சேர்ந்துகொண்டாள். "பத்து வருஷ சிநேகிதன் போட்ட மெட்டு. அவனுக்காக ஒரு செருப்பைக் கழட்ட மாட்டியா? அவ்வளவு கர்வமா?"

ஹில்லெவி பிடிலின் தந்திகளை முறுக்கிச் சரிபார்த்தாள். செருப்பைக் கழற்றவில்லை.

ஹெல்கே பழந்துணி விரிப்புகள் இரண்டைக் கொண்டுவந்து, மடித்து, அவள் காலடியில் போட்டார்.

"இப்ப எவ்வளவு வேணா மிதி. எனக்குக் கேக்கக் கூடாது, அவ்வளவுதான்."

அவள் முகம் வாடிவிட்டது. ஆனாலும் வில்லை எடுத்தாள்.

என்ன மெட்டு அது! ஜன்னலுக்கு வெளியே பனி கீழே விழாமல் மேலே மிதந்து போவது போலிருந்தது ஹெல்கேவுக்கு. ஒரு நிமிடம் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

பாதி வழியில் இரண்டு பிடில்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகின. ஹில்லெவி வாசிப்பை நிறுத்தினாள்.

"என் தப்பு. நான்தான் தாளம் விட்டுட்டேன்."

மறுபடி வாசித்தார்கள். மறுபடி அதே இடம்.

"நான்தான்."

மூன்றாவது தடவை.

"மன்னிச்சுக்குங்க. திரும்பவும் நான்தான்."

ஹெல்கேவுக்குப் பொறுமை போய்விட்டது. "காலை ஆட்டாம தாளம் தெரியாதவ எதுக்குப் பிடில் பிடிக்கணும்? காப்பி குடிச்சிட்டு வாங்க. இன்னும் ஒரே தடவை. வரலைன்னா இந்தப் பாட்டு ஆல்பத்துல கிடையாது!"

யெர்கரின் முகம் வெளுத்துப்போனது. எல்லாரும் சமையலறைக்குப் போனார்கள்.

தவறு எந்த இடத்தில் என்று பார்க்க ஹெல்கே ஹெட்போனை மாட்டிக்கொண்டார். முதலில் ஹில்லெவியின் பிடிலை மட்டும் ஓடவிட்டார். கடிகாரம்கூட அப்படி நடக்காது. ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை.

பிறகு யெர்கருடையதைக் கேட்டார். மூன்று தடவையும் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

சமையலறையில் ஹில்லெவி காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். யெர்கர் இரண்டடி தள்ளி, முதுகைக் காட்டி உட்கார்ந்து ஏலக்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தான். சிக்னே வாசலில் பனியைத் தள்ளப் போயிருந்தாள்.

ஹெல்கே ஹில்லெவியின் காதோரம் குனிந்து கிசுகிசுத்தார். "தப்பு உன்னுது இல்ல. மூணு தடவையும் விலகினது யெர்கர். நீ எதுக்கு உன் தலையில போட்டுக்கிற?"

ஹில்லெவி யெர்கரின் முதுகைப் பார்த்தாள்.

"சத்தமாவே பேசுங்க, ஹெல்கே. போன கோடையிலேர்ந்து அவனுக்குக் காது கேக்கல."

"அப்ப எப்படிப் பேசறான், எப்படி வாசிக்கிறான்?" என்றார் ஹெல்கே.

"வாயைப் பாத்து பேச்சைப் புரிஞ்சுக்கிறான். சாவியை அழுத்தினா சுரம் தானா வந்துடும். தாளம் மட்டும் தரை வழியா அவன் காலுக்குப் போகணும். எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரியாது. தெரிஞ்சா இன்னிக்கே பிடிலைப் பெட்டியில போட்டு மூடிட்டுக் கிளம்பிடுவான். இது அவன் மெட்டு. இதுல அவன் வாசிப்பு இருக்கணும்."

கப்பை வைத்துவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஹெல்கேவுக்குத் தன் மேலேயே வெட்கமாக இருந்தது.

கூடத்துக்குத் திரும்பினார். விரிப்புகளைச் சுருட்டி மூலையில் எறிந்தார். எல்லாரும் வந்ததும், யெர்கருக்குத் தன் முகம் நன்றாகத் தெரிகிற மாதிரி நின்றுகொண்டு கத்தினார்.

"இந்தப் பிடிவாதக்காரியோட என்னால மல்லுக்கட்ட முடியாது! மிதிச்சுத் தொலை, போ! நல்லா பலமாவே மிதி!"

"பாவம், அந்தத் தரை!" என்று விழுந்து விழுந்து சிரித்தான் யெர்கர், காலுறைக்குள் விரல்களை அகல விரித்துப் பலகையில் ஊன்றிக்கொண்டே.