கொஞ்சம் இடது பக்கம் நில்லு

"சிரி! ஆனா உன்னை எடுக்கறேன்னு மட்டும் நினைச்சுக்காதே!"

மனைவி சிரித்தாள். அவளுக்குப் பின்னால் கூடை மீனை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்த கிழவரைப் பார்த்துக் கணவர் பொத்தானை அழுத்தினார். டக்.

"மாட்டிக்கிட்டார்!" என்று நடுத்தெருவில் துள்ளினார். "கேமராவைக் கண்டா ஜனங்க விறைச்சுடுவாங்க. நீ முன்னாடி நின்னா, எவனோ பெண்டாட்டியைப் படம் எடுக்கறான்னு விட்டுடுவாங்க. எப்படி டெக்னிக்?"

"அப்போ நான் வெறும் மறைப்பா?"

"கலைக்குச் செய்யற உதவின்னு சொல்லு."

அலுவலகத்தில் அவருக்கு 'லென்ஸ்' என்று பெயர். பாராட்டித்தான் வைத்தார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. ஊர் திரும்பியதும் ஆண்டு விழாக் கண்காட்சியில் ஒரு சுவர் முழுக்க அவருடைய 'வீதியின் முகங்கள்'. மேலதிகாரி முதல் வாட்ச்மேன் வரை சொல்லியாகிவிட்டது. லீவு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்திலேயே 'கலைப்பயணம்' என்று எழுதிவிட்டு வந்தவர்.

கேமரா என்னவோ, பழைய சாமான் கடையில் உடைந்த குடைக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் நடுவே கிடந்த பிளாஸ்டிக் ஃபிலிம் கேமரா. போனில் எடுக்கிறவனெல்லாம் கலைஞன் இல்லை என்று அதை வாங்கிய நாளிலிருந்து சொல்லிவருகிறார்.

பயணத்தின் முதல் நாள் காலையிலேயே மனைவிக்குப் பாடம் நடந்திருந்தது.

"எட்டிப் பார்க்கற ஓட்டையில எல்லாமே தெளிவாத்தான் தெரியும். அதை நம்பி ஏமாந்துடக் கூடாது. லென்ஸைச் சுத்தி குட்டிக் குட்டிப் படம் போட்ட வளையம் இருக்கு பார், அதுதான் முக்கியம். ஒத்தைத் தலை படத்துல வெச்சா, கிட்ட நிக்கற ஆளு தெளிவா விழும். மலையில வெச்சா தூரம். நான் மலையில வெச்சுட்டேன். இனிமே தொடவே வேண்டாம்."

"அப்படியா? இந்தச் சின்னப் பெட்டிக்குள்ள இவ்வளவு விஷயமா?"

"உனக்குப் புரியாது, விடு. கைப்பையில வெச்சுக்க. நான் கழுத்துல மாட்டினா சுற்றுலாக்காரன்னு தெரிஞ்சுடும். கேட்கறப்போ எடுத்துக் குடு."

கேட்டபோதெல்லாம் கொடுத்தாள். அதுவும் சும்மா இல்லை. லென்ஸைக் கைக்குட்டையால் பொறுப்பாகத் துடைத்துக் கொடுத்தாள். அந்தப் பணிவு அவருக்குப் பிடித்திருந்தது.

முடிவெட்டும் கடை வாசலில் கொட்டாவி விட்டவர் மாட்டினார். பேருந்து நிறுத்தத்தில் சண்டை போட்ட ஜோடி மாட்டியது. ஒரு நாயிடம் விலாசம் கேட்பவர் போல் குனிந்து நின்ற தபால்காரரைக் கண்டதும் 'லென்ஸு'க்குக் கைகால் ஓடவில்லை.

"குடு, குடு, சீக்கிரம்!"

"என்னங்க, கல்யாணத்துக்கு அப்புறம் என்னை ஒரு படம் உருப்படியா எடுத்ததில்லை. ஒண்ணே ஒண்ணு எனக்காக எடுங்களேன்."

"ஃபிலிம் என்ன ஓசியிலயா வருது? உன் மூஞ்சி எங்கே ஓடிடப் போகுது? கொஞ்சம் இடது பக்கம் நில்லு, தபால்காரர் மறையறார்!"

ஊர் திரும்பிய கையோடு ஃபிலிமைக் கழுவக் கொடுத்தார்கள். ஸ்டுடியோக்காரர் படங்களைக் கவுண்டரில் பரப்பியபோது, பரீட்சை முடிவு பார்க்கும் பையனைப் போல 'லென்ஸ்' குதிகாலைத் தூக்கி நின்றார்.

மீன்காரக் கிழவர் ஒரு சாம்பல் மூட்டை. சண்டைக்கார ஜோடி தண்ணீரில் கரைந்த சாயம். தபால்காரர் எது, நாய் எது என்றே தெரியவில்லை. ஆனால் எல்லாப் படத்திலும் முன்னால் மனைவி. கண்ணோர மடிப்பு, காற்றில் பிரிந்த முடி, அடக்கியும் எட்டிப்பார்த்த சிரிப்பு, அத்தனையும் துல்லியம்.

"சார், அக்காவை என்னமா எடுத்திருக்கீங்க!" என்றார் ஸ்டுடியோக்காரர். "ஊரையே மங்கலாக்கிட்டு, அவங்களை மட்டும் பார்த்திருக்கீங்களே!"

காலியான ஒரு முழுச் சுவர் 'லென்ஸ்' கண்முன் வந்தது. அதன் முன்னால் மேலதிகாரி வந்து நின்றார். வாட்ச்மேனும் வந்தார். 'லென்ஸ்' தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதுதானே கான்செப்ட்! வீதியில ஆயிரம் முகம், கலைஞன் கண்ணுக்கு ஒரே முகம். எல்லாத்தையும் பெரிய சைஸ்ல போடுங்க, சுவர் முழுக்க மாட்டணும்!" சொல்லச் சொல்ல அவருக்கே அது உண்மை என்று பட்டு, உற்சாகம் பொங்கியது. "நீ என்ன சொல்றே?"

"எனக்கு என்னங்க தெரியும்?" என்ற மனைவி, கைப்பையிலிருந்து கேமராவை எடுத்து வழக்கம்போலக் கைக்குட்டையால் துடைத்தாள், துடைத்தபடியே, ஒற்றைத் தலைப் படத்தில் நின்றிருந்த வளையத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தள்ளி, மறுபடி மலையில் கொண்டுபோய் வைத்தாள்.